ஒரே பெயரில் பதினான்கு லிஃப்ட்

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில் மொத்தமே இரண்டு பேர். மேலே ஏறுகிறவன் தம்பி. கீழே உட்கார்ந்து போன் எடுக்கிறவள் அக்கா. கம்பெனிக்கு ஒரு பெயர் உண்டு, ஷட்டருக்கு மேலே பலகையும் உண்டு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் வந்ததில்லை. "லிஃப்ட் அக்காவுக்கு ஒரு போன் போடுங்க" என்றுதான் கட்டடத்துக்குக் கட்டடம் சொல்லிக்கொள்வார்கள்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் தம்பி மணிக்கட்டை உடைத்துக்கொண்டு கட்டுப் போட்டு உட்கார்ந்தபோது, "ரெண்டே ரெண்டு வாரம் அக்கா, வர்ற போனை மட்டும் எடுத்து எழுதி வை" என்று கூப்பிட்டான். மணிக்கட்டு ஆறாவது வாரமே சரியாகிவிட்டது. அந்த இரண்டு வாரம் மட்டும் இன்னும் முடியவில்லை.

துணி தேய்க்கும் கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவே ஒடுங்கிய அறை. ஒரு சுவர் முழுக்க இரும்பு அலமாரி. பிரேக் ஷூ, கதவு ரோலர், பட்டன், ஃபியூஸ் எல்லாம் பழைய பிஸ்கட் டப்பாக்களில் இருந்தன. எதிர்ச் சுவரோரம் மேசை, அதன்மேல் கம்ப்யூட்டர். அதை இயக்க அக்காவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு தப்பும் செய்து, ஏன் தப்பானது என்று கண்டுபிடித்து, கோடு போட்ட நோட்டில் எழுதிக் கற்றுக்கொண்டாள். "மெயில் போகவில்லை என்றால் யாரையும் திட்டுவதற்கு முன் வயரைப் பார்" என்பது முதல் பக்கத்தின் முதல் வரி.

முதல் வருஷம் எல்லாரையும் போல அவளும் வாடிக்கைக்காரர்களை ஆள் பெயரில்தான் பதிந்தாள். அது சரிப்படவில்லை. அடுக்குமாடிச் சங்கத்துச் செயலாளர் வருஷத்துக்கு ஒருமுறை மாறுவார். வாட்ச்மேன் மாசத்துக்கு ஒருமுறை மாறுவார். பதவி போன செயலாளர் ஒருவருக்கு அவள் போன் செய்து, "சார், உங்க லிஃப்டுக்கு ரோப் மாத்தணும்" என்று சொல்ல, "என்னைத் தோக்கடிச்சாங்கல்ல, படியேறட்டும்" என்று அவர் வைத்துவிட்டார். அன்றைக்குத்தான் முடிவுக்கு வந்தாள்: ஆள் மாறுவான், லிஃப்ட் மாறாது. அன்றிலிருந்து பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் அந்த லிஃப்டுக்கு என்ன கோளாறு என்பதை எழுதினாள். அதுவும், முதன்முதலில் போன் செய்தவர் வாயில் எப்படி வந்ததோ அப்படியே.

கதவு கடிக்கும். ரெண்டுல நிக்காது. பெருமூச்சு விடும். பூனை கத்தும். அரை அடி ஏறி நிக்கும். குலுங்கி நிக்கும்.

கம்ப்யூட்டரில் இருந்த அதே பட்டியல்தான் போனிலும்; அது அடித்தால் திரையில் "பூனை கத்தும்" என்று வரும். "சொல்லுங்க, மறுபடி கத்துதா?" என்று அக்கா எடுப்பாள். எதிர்முனையில் இருப்பவர் அசந்துபோவார். இந்தம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. தம்பியும் அதே பாஷைக்குப் பழகிவிட்டான். வேலை முடிந்ததும் அங்கிருந்தே போனில் ஒற்றை வரி மெயில் போடுவான்: "பெருமூச்சு விடும். காற்றாடி மாத்தியாச்சு." கட்டடத்தின் பெயர், தெரு ஒன்றும் இருக்காது. எதற்கு? அக்காவுக்குத் தெரியும்.

ஒரே கோளாறு பல லிஃப்டுக்கு இருக்குமே என்று கேட்கலாம். இருந்தது. அவள் கவலைப்படவில்லை. பழைய கம்ப்யூட்டர் பதிந்த வரிசையிலேயே பெயர்களை வைத்திருந்தது. பட்டியலில் பல் டாக்டர் கட்டடத்துக்குக் கீழே வரும் "குலுங்கி நிக்கும்" வேறு, பெயின்ட் கிடங்குக்கு மேலே வரும் "குலுங்கி நிக்கும்" வேறு. சந்தேகம் வந்தால் திறந்து பார்க்க "குறிப்பு" என்று ஒரு பெட்டி இருந்தது. கட்டடம், தெரு, மாடி, யார் கையில் மோட்டார் ரூம் சாவி என்று அதில் ஒன்று விடாமல் எழுதியிருப்பாள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்ததைத்தான் மாற்ற வேண்டி வந்தது. மெயில் கொடுக்கும் கம்பெனியிலிருந்து மூன்று முறை எச்சரிக்கை வந்துவிட்டது. இந்த மாதக் கடைசிக்குப் பிறகு இவ்வளவு பழைய கம்ப்யூட்டரில் மெயில் வராது என்று. சாவிக் கடைக்காரர் ஒரு கம்ப்யூட்டர்காரரை அனுப்பிவைத்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, அதையே மேசையெல்லாம் தேடுகிற மனுஷன்.

"எத்தனை வருஷ மெயில் மேடம்?"

"பத்தொம்பது."

"வேண்டாததை அப்பப்ப அழிச்சிருக்கலாமே."

"எது வேண்டாததுன்னு அப்பப்ப தெரியலையே."

அவர் சிரித்துக்கொண்டே பென்டிரைவைச் செருகினார். முதல் தடவை பாதியில் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து எடுத்தார். பிறகு பழையதைத் துடைத்துவிட்டு, அதே கம்ப்யூட்டரில் புதிய சிஸ்டத்தை ஏற்றினார். மதியம் ஆகிவிட்டது.

"இனிமே அது கேள்வி கேக்கும் மேடம். நீங்க ஆமாம் ஆமாம்னு தட்டிக்கிட்டே வாங்க. நான் ஒரு வாய் சாப்பிட்டு வந்துடறேன்."

"எதுக்கு ஆமாம்னு தெரியாம நான் ஆமாம் சொல்றதில்ல."

"அப்போ நான் ரெண்டு வாயாவே சாப்பிடலாம்" என்று கிளம்பினார்.

கேள்விகள் பதினொன்று. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி, பக்கத்தில் தன் பதிலை எழுதி, அதன் பிறகே பட்டனை அழுத்தினாள். ஒன்பதாவது கேள்வியில் நின்றாள். ஒரே பெயரில் பல பதிவுகள் இருக்கின்றன, அவற்றை ஒன்றாக்கலாமா என்று கேட்டது. காலையில் பென்டிரைவில் இரண்டு தடவை எடுத்ததை அவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். முதல் தடவை எடுத்ததும் சேர்ந்து வந்திருக்கும், எல்லாம் இரட்டை இரட்டையாக இருக்கும், அதைத்தான் கேட்கிறது. ஐந்து நிமிஷம் யோசித்து, நோட்டில் "ஆம், இரண்டு தடவை எடுத்ததால்" என்று காரணத்தோடு எழுதி அழுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தியிருந்தால் பிறகு இவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் காலை தம்பி பையை எடுக்க வந்தபோது அக்கா திரைக்கு முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா?"

"இன்னிக்கு மட்டும் பதினோராயிரத்து நானூத்திப் பன்னெண்டு மெயில் வந்திருக்கு."

"யாரு போட்டது?"

"எல்லாரும்."

அவன் குனிந்து பார்த்தான். பத்தொன்பது வருஷத்து மெயில் அத்தனைக்கும் இன்றைய தேதி. அவன் மணிக்கட்டுக்கு வந்த நலம் விசாரிப்பு மெயிலும் இன்றைக்கு, நேற்று மாற்றிய ரோலருக்கு வந்த நன்றியும் இன்றைக்கு. எது முன், எது பின் என்று ஒன்றும் தெரியவில்லை. கம்ப்யூட்டர்காரருக்குப் போன் போட்டார்கள்.

"அது மெயில் வந்த தேதி இல்ல மேடம். புது இடத்துக்குக் குடி வந்த தேதி."

"அப்போ வந்த தேதி எங்க?"

"உள்ள இருக்கும் மேடம்."

"எந்த உள்ள?"

"பாத்துச் சொல்றேன் மேடம்."

போனை வைத்ததும் அது அடித்தது. திரையில் "குலுங்கி நிக்கும்" என்று வந்தது. கூடவே, சோஃபாவில் மல்லாந்து தூங்கும் ஒரு செம்பட்டைப் பூனையின் படமும் வந்தது. அக்கா இந்தப் பூனையைப் பார்த்ததே இல்லை.

"சொல்லுங்க, மறுபடி குலுங்குதா?"

"குலுங்கலக்கா, நின்னே போச்சு. உடனே அனுப்புங்க."

"சரி... நீங்க எந்தக் கட்டடம்?"

"என்னக்கா, நீங்களே இப்படிக் கேக்கறீங்க?" அந்தக் குரலில் இருந்த மனத்தாங்கல் அக்காவுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கேள்வியை அவள் பழைய வாடிக்கைக்காரர் யாரிடமும் கேட்டதில்லை. அவர் கட்டடத்தைச் சொன்னார். தம்பி ஓடிப்போய் அரை மணியில் ஃபியூஸ் மாற்றிவிட்டு வந்தான்.

அதற்குள் அவள் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டாள். முந்நூற்று நாற்பது பேர் இருந்த இடத்தில் தொண்ணூற்றேழு பேர். "கதவு கடிக்கும்" என்று ஒரே ஒரு ஆள், அவருக்கு முப்பத்தொரு போன் நம்பர். "குலுங்கி நிக்கும்" என்று ஒரு ஆள், அவருக்குப் பதினான்கு போன், ஒன்பது மெயில் முகவரி, ஒரு பூனை. எல்லாம் அகர வரிசையில் நின்றன. பல் டாக்டருக்குக் கீழே யார், பெயின்ட் கிடங்குக்கு மேலே யார் என்று பார்க்க வழியில்லை. குறிப்புப் பெட்டி காலி.

"குறிப்பு இந்தச் சிஸ்டத்துக்கு வராது மேடம்" என்றார் கம்ப்யூட்டர்காரர். "பேரு, போன், மெயில் மூணும்தான் வரும்."

"பென்டிரைவ்ல வரிசையாவது இருக்குமா?"

"இருந்திருக்கும்... நேத்து சாயங்காலம் வேற ஒருத்தர் வேலைக்கு அதை அழிச்சுட்டேன் மேடம்." பிறகு, மன்னிப்புக் கேட்கிற குரலில், "யாரும் ஒரே பேர்ல பதினாலு பேரை வெச்சுக்க மாட்டாங்க மேடம். அது நகல்னுதானே நினைக்கும்?"

கம்ப்யூட்டர் பக்கம் நியாயம் இருந்தது. அதுதான் அக்காவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பதினோரு மணிக்கு உதிரிபாகம் விற்கிற கடையிலிருந்து போன் வந்தது. "மெயில் பாத்தீங்களா? பதிலே காணோமே. அவசரம்னு போட்டிருந்தோமே, முந்தாநாளே." முந்தாநாள் வந்ததும் இன்றைய தேதியில்தான் இருக்கும். பதினோராயிரத்துக்குள் கடைப் பெயரைப் போட்டுத் தேடினாள். கடையிலிருந்து வந்தவை மட்டும் அறுநூறு. இருபத்தோராவதாகத் திறந்ததில் அது இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் விற்ற பிரேக் ஸ்பிரிங்கில் ஒரு குறிப்பிட்ட மார்க் போட்டவை உடைகின்றன என்று தயாரித்தவர்கள் சொன்னதாகக் கடைக்காரர்கள் எழுதியிருந்தார்கள். உங்களுக்கு ஆறு ஜோடி விற்றிருக்கிறோம். எந்த லிஃப்டில் போட்டீர்களோ அதை உடனே நிறுத்துங்கள், மாற்றும்வரை ஓட்டாதீர்கள்.

தம்பி அதை இரண்டு தரம் படித்தான். லிஃப்டின் பிரேக்கில் இரண்டு ஸ்பிரிங் இருக்கும். ஒன்று உடைந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும் என்றுதான் இரண்டு வைப்பது. ஆனால் அவன் எப்போதும் ஜோடியாகத்தான் மாற்றுவான். ஒன்று புதிது, ஒன்று பழையது என்று போடுவது அவனுக்குப் பிடிக்காது. ஆகையால் அந்த ஆறு லிஃப்டிலும் இரண்டுமே ஒரே மார்க்.

"ரெண்டும் போச்சுன்னா?" என்றாள் அக்கா.

"மாடியில நிக்க வேண்டியது நிக்காது. ஆள் இருக்கற எடைக்கு மேலேயோ கீழேயோ இழுத்துட்டுப் போகும்."

அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. குலுங்கி நிற்பவற்றுக்குத்தான் பிரேக் ஸ்பிரிங் மாற்றுவார்கள். ஆக, அந்த ஆறும் பூனைப் படம் போட்ட அந்த ஒரே ஆளுக்குள்தான் இருந்தன. "ஸ்பிரிங்" என்று தேடினாள். தம்பி போட்ட மெயில்கள் வந்தன: "குலுங்கி நிக்கும். ஸ்பிரிங் ஜோடி மாத்தியாச்சு." மறுபடி, "குலுங்கி நிக்கும். ஸ்பிரிங் ஜோடி மாத்தியாச்சு." மொத்தம் பத்தொன்பது. ஒரு எழுத்து வித்தியாசமில்லை, தேதியும் ஒன்றே.

"ஒரு கட்டடத்துப் பேரை எழுதினா உன் விரல் தேஞ்சு போயிருக்குமாடா?"

"நீ வெச்ச பேருதானேக்கா! நான் பாட்டுக்கு எழுதினேன்."

"சரி, உனக்கு ஞாபகமே இல்லையா? நீதானே மாத்தின?"

அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். வருஷத்துக்கு முந்நூறு லிஃப்ட் ஏறுகிறவன். "பெண்கள் விடுதி ஒண்ணு. புத்தகக் கிடங்கு. அந்த நீலக் கண்ணாடி ஆபீஸ். அப்புறம் நீச்சல்குளம் இருக்குமே, அந்த அடுக்குமாடி. நாலும் அந்த வருஷம்தான். அது சத்தியம்."

"மீதி ரெண்டு?"

"வரமாட்டேங்குது."

"நீ அந்த நாலையும் போய் நிறுத்து. வழியிலயே போன் பண்ணி ஆஃப் பண்ணச் சொல்லிடு. மீதி ரெண்டை நான் தேடறேன்."

தம்பி போன பிறகு அந்த ஆளைத் திறந்து பதினான்கு நம்பரையும் நோட்டில் எழுதினாள். தம்பி போகும்போது சொல்லிவிட்டுப் போன நாலு கட்டடத்து நம்பரையும் கோடு போட்டு அடித்தாள். மீதி பத்து. முதல் நம்பரைப் போட்டாள்.

"வணக்கம், லிஃப்ட் கம்பெனியிலிருந்து பேசறேன். நீங்க எந்த லிஃப்ட்?"

"நான் லிஃப்ட் இல்லம்மா, மனுஷன்."

"இல்லீங்க, உங்க லிஃப்ட் குலுங்கி நிக்குமே..."

"எங்களுக்கு லிஃப்டே இல்ல. நாங்க தரைத்தளம்." முன்பு வாட்ச்மேனாக இருந்தவராம். இப்போது பேக்கரியில் வேலை. அவர் இருந்த கட்டடத்தையே இடித்துவிட்டார்கள். ஒன்று அடிபட்டது.

இரண்டாவது நம்பர் ஒரு தையல்காரம்மா. பேசிக்கொண்டிருந்தபோதே பின்னால் ஒரு பூனை கத்தியது. அக்காவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்க பூனை செம்பட்டையா? மல்லாந்து தூங்குமா?"

"ஐயோ! உங்களுக்கு எப்படித் தெரியும்? யாருங்க நீங்க?"

"பயப்படாதீங்க, என் கம்ப்யூட்டர்ல இருக்கு."

"என் பூனை உங்க கம்ப்யூட்டர்ல என்ன பண்ணுது?" மெயிலுக்கு வைத்த படத்தைப் புதிய சிஸ்டம் தானாக எடுத்து ஒட்டியிருக்கிறது என்று சொல்லி அந்தம்மாவைச் சமாதானப்படுத்தவே பத்து நிமிஷம் ஆயிற்று. அவர்கள் லிஃப்டையே போன வருஷம் புதிதாக மாற்றிவிட்டார்களாம். அதுவும் இல்லை.

மூன்றாவது ஆள், "எதுவும் வாங்கறதா இல்ல" என்று வைத்தார். மறுபடி போட்டாள். மறுபடி வைத்தார். மூன்றாம் முறை, "சார், நான் விக்க வரல, நிறுத்த வந்திருக்கேன்" என்று ஒரே மூச்சில் சொன்னாள். ஆனால் ஸ்பிரிங் எப்போது மாற்றியது என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை. யாருக்குத்தான் தெரியும்? அது மோட்டார் ரூமில், நாலு போல்ட்டுக்குப் பின்னால் இருக்கிற சாமான்.

அக்கா போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மேசையைத் தட்டினாள். ஸ்பிரிங் மாற்றிய நாள் யாருக்கும் நினைவிருக்காது. லிஃப்ட் ஓடாத நாள்? அதை யார் மறப்பார்கள்? ஸ்பிரிங் மாற்ற அரை நாள் நிறுத்தியே ஆகவேண்டும். மூன்றாவது ஆளையே திரும்பக் கூப்பிட்டாள்.

"சார், கடைசியா எப்ப படியேறினீங்க?"

"அதை ஏன் கேக்கறீங்க! புது ஃப்ரிட்ஜ் வந்து இறங்கின அன்னிக்கே லிஃப்டைக் கழட்டிப் போட்டாரு உங்க ஆளு. அஞ்சு மாடி! தூக்கின ரெண்டு பேரும் என்னைத் திட்டாத திட்டில்ல."

"அந்த ஃப்ரிட்ஜுக்கு வாரன்ட்டி அட்டை வெச்சிருக்கீங்களா?"

அவர் அலமாரியைக் குடைகிற சத்தம் கேட்டது. ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதி. இதுவும் இல்லை.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. ஒருவர் வீட்டுக்குப் பீரோ வந்த நாள். ஒரு அம்மா முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய நாள், நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்களாம். ஒருவர் காதலித்தவளின் அப்பா முதன்முதலாகப் பேச வந்து, ஆறு மாடி ஏறி, மூச்சு வாங்கியபடியே "முடியாது" என்று சொன்ன நாள். "உங்க தம்பி ஒரு நாள் தள்ளி வந்திருந்தா எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கும்" என்றார். அது எட்டு வருஷத்துக்கு முந்தி. அக்கா மன்னிப்புக் கேட்டுவிட்டு அந்த நம்பரையும் கோடு போட்டு அடித்தாள்.

ஏழாவது நம்பர் ஒரு அச்சகக்காரர். "மூணு வருஷம் இருக்கும். உங்க தம்பி கைய வெட்டிக்கிட்டாரே, நான்தான் துணி கட்டிவிட்டேன். அன்னிக்கு முழுக்கப் பேப்பர் கட்டைத் தோள்ல சுமந்தோம்." அக்காவுக்கு அந்தத் துணி நினைவு வந்தது. மூன்று வருஷத்துக்கு முன், அச்சு மையின் வாசம் அடிக்கிற துணியைக் கையில் சுற்றிக்கொண்டு வந்து நின்றான். "சார், லிஃப்டை உடனே ஆஃப் பண்ணுங்க. இப்பவே. நான் லைன்லயே இருக்கேன்." சுவிட்சை அணைக்கிற சத்தம் காதில் விழுந்த பிறகுதான் போனை வைத்தாள். ஐந்தாவது லிஃப்ட் கிடைத்தாயிற்று.

எட்டும் ஒன்பதும் அடிபட்டன. பத்தாவது நம்பர் நாலு தரம் போட்டும் எடுக்கவில்லை. ஐந்தாவது தரம் ஒருவர் எடுத்தார். முன்பு டைப்பிங் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தவர்.

"நாங்க அந்த இடத்தைக் காலி பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சும்மா."

"காலி பண்றதுக்கு முன்னால எப்பவாவது படியேறினீங்களா சார்?"

"பரீட்சை அன்னிக்கு! நாப்பது பேரு மூச்சு வாங்கிக்கிட்டு வந்து உக்காந்து, ஒருத்தனுக்கும் விரல் ஓடல. அதுக்கடுத்த வருஷம்தான் காலி பண்ணினோம்."

"இப்ப அங்க யாரு சார் இருக்காங்க?"

"கண் ஆஸ்பத்திரி. லிஃப்டுல எந்நேரமும் கூட்டம்."

அக்கா ஆஸ்பத்திரி நம்பரைத் தேடிப் போட்டாள். வரவேற்பில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க லிஃப்டை வேற கம்பெனி பாக்குதுங்க. நல்லாத்தான் ஓடுது. மேனேஜர் மீட்டிங்ல இருக்காரு, அப்புறம் பேசுங்க" என்று வைத்துவிட்டாள். மறுபடி போட்டால் பாட்டுத்தான் கேட்டது. தம்பி நீச்சல்குளத்துக் கட்டடத்தில், ஊரின் அடுத்த முனையில் இருந்தான். அவனுக்கு இடத்தைச் சொல்லிவிட்டு, ஷட்டரை இழுத்துப் பூட்டி, பஸ் ஏறினாள்.

வழியெல்லாம் அவளுக்கு ஒன்றும் தெளிவாகவில்லை. அந்த லிஃப்ட் இப்போது தங்களுடையதே இல்லை. நிறுத்தச் சொல்ல நான் யார்? ஒருவேளை அந்த வேறு கம்பெனி ஸ்பிரிங்கை எப்போதோ மாற்றியிருந்தால்? டைப்பிங்காரர் வருஷத்தை மாற்றிச் சொல்லியிருந்தால்? பேசாமல் மேனேஜர் மீட்டிங் முடியும்வரை காத்திருந்தால் என்ன?

ஆஸ்பத்திரிக்குள் போனபோது லிஃப்ட் கீழே வந்து நின்றது. நின்றபோது ஒரு சின்னக் குலுக்கல். கதவு திறந்தது. ஒரு கண்ணில் கட்டுப் போட்ட ஒரு பெரியம்மாவும் இன்னும் நாலு பேரும் ஏறத் தயாராக நின்றார்கள். அக்கா வரவேற்பு மேசையைப் பார்க்கவே இல்லை. சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் லிஃப்ட் வாசலில், பாதி உள்ளே பாதி வெளியே போட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள். கதவு மூட வந்து, நாற்காலியில் இடித்து, பின்வாங்கியது. மறுபடி வந்தது, மறுபடி பின்வாங்கியது. கதவு மூடாத லிஃப்ட் நகராது. பத்தொன்பது வருஷத்தில் அவள் சந்தேகமில்லாமல் தெரிந்துகொண்ட விஷயங்களில் இதுவும் ஒன்று.

"அம்மா, வழி விடுங்க!"

"விடமாட்டேன். யாரும் ஏறக்கூடாது."

"யாரிந்தம்மா? கண்ணு தெரியலயா?"

"கண்ணு தெரியாமத்தானே இங்க வந்திருப்பாங்க" என்று பின்னாலிருந்து ஒருவர். வரவேற்புப் பெண் ஓடிவந்தாள். காவலாளி வந்தார். கதவு நாற்காலியை இடித்தபடியே இருந்தது. கடைசியில் மேனேஜர் மீட்டிங்கை விட்டு இறங்கி வந்தார், படி வழியாக.

"நீங்க எந்தக் கம்பெனி?"

"முன்னாடி இதைப் பாத்த கம்பெனி."

"இப்ப பாக்கறவங்க போன மாசம்தான் வந்து பாத்தாங்களே."

"பாத்திருப்பாங்க சார். ஸ்பிரிங் கழட்டிப் பாத்தாங்களான்னு கேளுங்க. கேக்கற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். தப்பா இருந்தா நீங்க என்ன வேணா சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

மேனேஜர் அவளையும் நாற்காலியையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போன் போட்டார். அந்தக் கம்பெனியில் எடுத்தவருக்கு எந்த ஸ்பிரிங் என்றே புரியவில்லை. பேச்சு இழுத்துக்கொண்டே போனது. தம்பி வந்து சேரும்போது முக்கால் மணி ஆகியிருந்தது. அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "மெயின் சுவிட்ச் எங்க சார்? பாக்கறதுக்கு மட்டும்தான்" என்றான். மேனேஜர் சாவியை எடுத்துக்கொண்டு அவன் கூடவே மேலே ஏறினார்.

கதவுக்கு மேலே ஒளிர்ந்துகொண்டிருந்த எண் அணைந்தது. கதவு இடிப்பதை நிறுத்தியது. அப்போதும் அக்கா எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. திரையில் தம்பியின் பெயர் வந்தது.

"அக்கா, மார்க் அதேதான். ஒண்ணு ரெண்டா உடைஞ்சு கிடக்கு. இன்னொண்ணுல விரிசல் விட்டிருக்கு."

"இன்னொரு தரம் சொல்லு."

சொன்னான். பின்னால் மேனேஜர் ஏதோ கேட்பதும், கேட்டதையே மறுபடி கேட்பதும் காதில் விழுந்தது. அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தாள். நாற்காலியை வாசலிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

கண்ணில் கட்டுப் போட்ட பெரியம்மா இவ்வளவு நேரமும் அங்கேயே நின்றிருந்தார். அக்காவின் புடவை நுனியைத் தொட்டு, "நர்ஸம்மா, அப்போ மேலே எப்படிப் போறது?" என்றார்.

நான் நர்ஸ் இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லவில்லை. "படிதான்மா. கையைக் குடுங்க."

"டாக்டரு ரெண்டாவது மாடியா, மூணாவதா?"

"தெரியலையே. ஏறிக்கிட்டே கேப்போம் வாங்க" என்று சொல்லி, அக்கா முதல் படியில் காலை வைத்தாள்.